மூணு ஊர், எட்டு ராத்திரி, ஒரே தண்டவாளம்: தீபாவளி லீவில் சிவகாசியிலிருந்து பினாங்கு வரை போய் வருவது எப்படி?

தீபாவளி முடிந்தால் சிவகாசி வட்டாரம் கொஞ்ச நாள் மூச்சு விடும். பட்டாசு ஆலைகள் சில வாரம் பூட்டியிருக்கும். பூஜை போட்டு மறுபடி திறக்கும்வரை ஆலைத் தொழிலாளி, கம்பெனி ஆபீசில் கணக்கு பார்க்கிறவர், லாரி செட் ஆள் என்று பலருக்கும் வருஷத்தில் சேர்ந்தாற்போல் கிடைக்கும் ஒரே லீவு இதுதான். கையில் போனஸ் இருக்கும். சரியாக அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப் குரூப்பில் விளம்பரமும் வரும்: 'ஐந்து நாள், இரண்டு நாடு, ஆறு ஊர்!'

அந்த ஐந்து நாளைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். போக ஒரு நாள், வர ஒரு நாள். நடுவில் எல்லை தாண்ட அரை நாள். மீதி இரண்டரை நாளில் ஆறு ஊர். பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த கட்டடங்களும், இறங்கி ஏறிய இடத்தில் எடுத்த செல்ஃபிகளும்தான் மிஞ்சும். அம்மா அப்பாவுக்கு முதல் வெளிநாட்டுப் பயணம் என்றால், பெரும்பாலும் அடுத்த பயணம் எப்போது என்று சொல்ல முடியாது. அதை பஸ் சீட்டில் கழிப்பது நியாயமா?

இதற்குப் பதிலாக நாமே ரயிலும் பஸ்ஸும் பிடித்துப் போகலாம். கஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் கணக்குப் போடும் முறையை மாற்ற வேண்டும். எத்தனை ஊர் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, எத்தனை ராத்திரி என்று எண்ண வேண்டும்.

ஊர் மாறினால் அரை நாள் போச்சு

இரண்டரை மணி நேர ரயில் பயணம்தானே என்று தோன்றும். ஆனால் காலையில் பெட்டி கட்டி, சாப்பிட்டு, அறையைக் காலி செய்து, ஸ்டேஷனுக்குப் போய், ரயில் ஏறி, இறங்கி, அடுத்த ஹோட்டலைத் தேடிப் பிடிக்க வேண்டும். பெரும்பாலான ஹோட்டல்களில் காலி செய்யும் நேரம் பகல் 11 அல்லது 12. அறை தரும் நேரம் பிற்பகல் 2 அல்லது 3. நடுவில் பெட்டியோடு நிற்கிற நேரம் யாருடைய திட்டத்திலும் எழுதப்படுவதில்லை. ஆக, ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் அரை நாள் கழித்துவிட வேண்டும். வயதானவர் கூட வந்தால் முக்கால் நாள்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது: ஒரே ஒரு ராத்திரிக்காக ஒரு ஊரில் இறங்காதீர்கள். ஒரு ராத்திரி தங்கினால் சாயங்காலம் போய்ச் சேர்ந்து காலையில் கிளம்புவீர்கள். அந்த ஊரில் பார்த்தது ஹோட்டல் தலையணையாகத்தான் இருக்கும்.

ஏன் மலேசியா?

மூன்று காரணங்கள். முதலாவது விசா. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் சுற்றுலாவுக்கு 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா போகலாம். இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. கணக்கு சரியாகப் பொருந்துகிறது.

இரண்டாவது விமானம். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம், சுமார் 4 மணி நேரப் பயணம். சென்னை வரை போக வேண்டியதில்லை.

மூன்றாவது காரணம்தான் முக்கியம். கோலாலம்பூர், ஈப்போ, பட்டர்வொர்த் மூன்றும் ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன. பட்டர்வொர்த்தில் இறங்கிப் படகு ஏறினால் பினாங்குத் தீவு. எஸ்.எஸ். ரஜூலா என்ற கப்பல் 1970-களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு இதே பினாங்குக்குத்தான் போய்வந்தது. நம் பக்கத்துப் பல குடும்பங்களில் 'பினாங்கு போன தாத்தா' ஒருவர் இருப்பதற்குக் காரணம் அதுதான். இன்றைக்கும் மூன்று ஊரிலும் தமிழில் வழி கேட்கலாம்.

சிங்கப்பூர்? அதையும் சேர்த்தால்தான் ஊரில் சொல்லிக்கொள்ள முடியும் என்று வீட்டில் ஒருவராவது சொல்வார். ஆனால் அதற்குத் தனி விசா வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். தலைக்கு 30 சிங்கப்பூர் டாலர் கட்டணம், ஏஜென்ட் கூலி தனி. கோலாலம்பூரிலிருந்து பஸ்ஸில் ஐந்தாறு மணி நேரம், எல்லையில் இரண்டு வரிசை. திரும்பி மலேசியாவுக்குள் வரும்போது மறுபடி பதிவு. அங்கே நவம்பர் பிற்பகுதியிலிருந்து பள்ளி விடுமுறை வேறு. கூட்டமும் வாடகையும் ஏறும். பத்து நாளுக்குள் முடிக்கிற பயணத்தில் சிங்கப்பூரை விட்டுவிடுவதே நல்லது. அது எங்கும் ஓடிப்போகாது.

முதல் நாளை நம்பாதீங்க

மாலையில் செங்கோட்டையிலிருந்து கிளம்பும் பொதிகை எக்ஸ்பிரஸ் சிவகாசி, விருதுநகர் வழியாகத் திருச்சி போகிறது. அங்கே சேரும்போது இரவு வெகுநேரம் ஆகிவிடும். உங்கள் விமானம் நள்ளிரவை ஒட்டியது என்றால் இந்த ரயிலை நம்ப வேண்டாம். பகல் ரயிலோ மதுரை வழி பஸ்ஸோ பிடித்து, விமான நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே நிலையத்தில் இருக்கப் பாருங்கள். ஒரு ரயில் தாமதத்துக்காக நான்கு விமான டிக்கெட்டை இழக்கக் கூடாது.

இனி ஒரு கணக்கு. இரவு 12 மணிக்கு விமானம் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு மணி நேரம். மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே கடிகாரம் காலை 6.30 காட்டும். ஆனால் உடம்புக்கு அது அதிகாலை 4 மணி, அதுவும் தூங்காத ராத்திரி. ஹோட்டல் அறை கிடைக்க இன்னும் எட்டு மணி நேரம் இருக்கிறது. இந்த நிலையில் 'காலை 9 மணி பத்துமலை' என்று திட்டத்தில் எழுதியிருந்தால், 272 படியில் பாதியில் உட்காரப் போவது அம்மா மட்டும் இல்லை.

முதல் நாளை அப்படியே எழுதிவிடுங்கள். பணம் இருந்தால் முந்தின இரவுக்கும் சேர்த்து அறை எடுத்து, காலையில் போனதும் தூங்கலாம். இல்லையென்றால் பெட்டிகளை ஹோட்டல் வரவேற்பில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே சாப்பிட்டு, உட்கார்ந்து நேரம் போக்கலாம். அதற்குத் தோதான இடம் பிரிக்ஃபீல்ட்ஸ். கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு நடந்து போகிற தூரம். வாழை இலைச் சாப்பாடு, இட்லி, தமிழ்ப் பலகை எல்லாம் உண்டு. (ரொட்டி சானாயை விருதுநகர் எண்ணெய் புரோட்டாவோடு ஒப்பிட்டு ஒரு சண்டை நடக்கும். அதற்கும் நேரம் ஒதுக்கவும்.) நகரின் ரயில்கள் பெரும்பாலும் வந்து கூடும் இடத்தில் தங்கினால் தினமும் ஒரு மணி நேரமாவது மிச்சம்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் அதிவேக ரயில் அரை மணி நேரத்தில் கே.எல். சென்ட்ரலில் சேர்க்கும். ஒருவருக்கு 55 ரிங்கிட். ஒரு ரிங்கிட் 20 ரூபாய்க்கு மேல். நான்கு பேர் என்றால் கணக்கு எங்கேயோ போகும். பஸ்ஸில் இதில் சுமார் கால்வாசிதான் ஆகும், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். தூங்காத நான்கு பேருக்கும் பெட்டிகளுக்கும் 'கிராப்' கார் எடுத்தாலும் தப்பில்லை. பொதுப் போக்குவரத்தில் போகிறோம் என்பதை விரதமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மூணு முருகன் மலை

மலேசியத் தமிழர்கள் மூன்று முருகன் தலங்களைச் சேர்த்தே சொல்வார்கள்: கோலாலம்பூருக்குப் பக்கத்தில் பத்துமலை, ஈப்போவில் கல்லுமலை, பினாங்கில் தண்ணீர்மலை. மேலே சொன்ன ரயில் பாதையும் இந்த மூன்றும் அப்படியே ஒத்துப்போகின்றன. பயணத் திட்டத்தை இதை வைத்தே போடலாம்.

எட்டு ராத்திரி இருந்தால், கோலாலம்பூரில் இரண்டு, ஈப்போவில் இரண்டு, பினாங்கில் மூன்று, திரும்பி வரும்போது கோலாலம்பூரில் ஒன்று. அந்தக் கடைசி ராத்திரி ஒன்றுதான் விதிக்கு விலக்கு. அது விமானத்துக்கான காப்பீடு. பினாங்கிலிருந்து காலையில் கிளம்பி அன்றே திருச்சி விமானம் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

நவம்பர் 15 ஞாயிறு இரவு கிளம்பினால் ரயில் பயணங்கள் புதன், வெள்ளி, திங்களில் வரும். வெள்ளிக்கிழமை மட்டும் காலை ரயிலாகப் பார்த்துக்கொண்டால் வார இறுதி நெரிசலைத் தவிர்க்கலாம். தீபாவளி மலேசியாவிலும் பொது விடுமுறை என்பதால் நவம்பர் 8-ஐ ஒட்டிய நாட்களில் அங்குள்ளவர்களே ஊருக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். அந்த வாரத்தை விட்டுவிடுவது நல்லது.

பத்துமலைக்கு கே.எல். சென்ட்ரலிலிருந்து கே.டி.எம். கொம்யூட்டர் ரயில் நேரே போகிறது. கட்டணம் சில ரிங்கிட்தான். ஸ்டேஷன் மலையடிவாரத்திலேயே இருக்கிறது. ஆனால் நம் ஊர் டவுன் பஸ் போல அடிக்கடி வராது. ஒன்றை விட்டால் அரை மணி, சில நேரம் அதற்கு மேலும் காத்திருக்க வேண்டும். திரும்பும் ரயில் நேரத்தைப் போகும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்குள் அங்கே இருந்தால் வெயிலும் கூட்டமும் குறைவு. இன்னொரு காரணமும் உண்டு: அக்டோபர், நவம்பர் மாதங்களில் மலேசியாவின் மேற்குக் கரையில் பிற்பகலில் இடி மழை கொட்டும். மலை, படி, தெருச் சுற்றல் எல்லாம் காலையில். கடை, மியூசியம், தூக்கம் எல்லாம் பிற்பகலில் என்று வைத்துக்கொண்டால் மழை ஒரு பிரச்சினையே இல்லை. கிழக்குக் கரைத் தீவுகளை மட்டும் மறந்துவிடுங்கள். அங்கே நவம்பரில் பருவமழை தொடங்கிவிடும்.

பெட்ரோனாஸ் கோபுரத்துக்கு கே.எல். சென்ட்ரலிலிருந்து எல்.ஆர்.டி. நேரே போகும். சாயங்காலம் போய்வந்தால் போதும். 'டச் என் கோ' என்ற அட்டை ஒன்றை ஆளுக்கு ஒன்றாக வாங்கிவிட்டால் எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., கொம்யூட்டர் எல்லாவற்றிலும் தேய்த்துக்கொண்டு போகலாம்.

கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு இ.டி.எஸ். மின்சார ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். இந்த ஊரைத்தான் பேக்கேஜ்காரர்கள் 'போற வழியில் காபி' என்று முடித்துவிடுகிறார்கள். வெள்ளைக் காபி நன்றாக இருக்கும், அது வேறு விஷயம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தாலே பழைய ஊர் நடக்கிற தூரத்தில் இருக்கிறது. ஸ்டேஷன் கட்டடமே பிரிட்டிஷ் காலத்தது. உள்ளூர்க்காரர்கள் அதை ஈப்போவின் தாஜ்மகால் என்பார்கள். ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் குன்றுகள், அவற்றுக்குள் சீனக் குகைக் கோயில்கள், குனோங் செரோவில் கல்லுமலை முருகன். கோலாலம்பூரின் ஓட்டத்துக்கும் பினாங்கின் கூட்டத்துக்கும் நடுவில் அப்பா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிக்கக்கூடிய ஊர் இது. லீவு என்றால் அதுவும் சேர்த்திதான்.

ஈப்போவிலிருந்து பட்டர்வொர்த் இரண்டு மணி நேரத்துக்குள். ஸ்டேஷனிலிருந்து நடைபாதை வழியாகப் படகுத்துறைக்குப் போகலாம். படகில் கால் மணி நேரம் போல. கட்டணம் இரண்டு ரிங்கிட். இந்தப் பயணத்திலேயே மலிவானதும், அநேகமாக எல்லோருக்கும் பிடிக்கப்போவதும் இந்தப் படகுதான். இறங்கும் இடம் ஜார்ஜ் டவுன். 2008-ல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற ஊர். படகுத்துறை வாசலிலேயே பஸ் நிலையம். பழைய ஊருக்குள் சுற்ற 'கேட்' என்ற இலவச பஸ் உண்டு.

பினாங்கு மலைக்கு 204-ஆம் எண் பஸ், அங்கிருந்து மலை ரயில். கூட்டம் சேர்வதற்கு முன் காலையில் போய்விட வேண்டும். கடற்கரைக்கு 101. லிட்டில் இந்தியாவில் 1833-ல் கட்டப்பட்ட மகா மாரியம்மன் கோயில். தண்ணீர்மலைக்கு 513 படி. பத்துமலையில் 272 ஏறிய முழங்காலுக்கு இது தேவையா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். ஒன்றில் ஏறி, மற்றதில் அடிவாரத்தில் கும்பிட்டால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இந்தத் திட்டத்தில் ஒன்பது நாள். அதில் இடமாற்றம் ஏதும் இல்லாத முழு நாள் எத்தனை தெரியுமா? நான்குதான்: கோலாலம்பூரில் ஒன்று, ஈப்போவில் ஒன்று, பினாங்கில் இரண்டு. இவ்வளவு நிதானமாகப் போட்டும் நான்கு. ஐந்து நாளில் ஆறு ஊர் போடுகிறவர் கணக்கில் எத்தனை வரும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். லீவு குறைவு என்றால் ஈப்போவை வெட்டுங்கள். எல்லா ஊரிலும் ஒவ்வொரு ராத்திரியைக் கிள்ளி எடுக்காதீர்கள்.

வந்த வழியே திரும்ப வேண்டாம் என்றால் இன்னொரு வழி உண்டு. சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே இண்டிகோ 2024 டிசம்பரில் நேரடி விமானம் தொடங்கியது. பினாங்கிலிருந்தே சென்னை வந்துவிட்டால் கோலாலம்பூர் திரும்பும் நாள் மிச்சம். ஆனால் சென்னையிலிருந்து விருதுநகருக்கு ஒரு ராத்திரி ரயில் சேரும். டிக்கெட் விலையைப் பார்த்து முடிவு செய்யலாம்.

ரயில் டிக்கெட்டை விட்டுவிடாதீங்க

இ.டி.எஸ்.ஸில் நம் ஊர் அன்ரிசர்வ்டு பெட்டி மாதிரி எதுவும் கிடையாது. சீட் இருந்தால்தான் பயணம். கே.டி.எம். நிறுவனத்தின் இணையதளத்திலோ செயலியிலோ பாஸ்போர்ட் எண் கொடுத்து முன்பதிவு செய்ய வேண்டும். ஹோட்டலுக்கு முன்னால் இதைப் போடுங்கள். ரயில் எந்த நேரத்துக்குக் கிடைக்கிறதோ அதை வைத்துத்தான் மற்றதெல்லாம். சீட் கிடைக்காவிட்டால் பஸ் இருக்கிறது. ஆனால் ஈப்போவின் வெளியூர் பஸ் நிலையமான அமான்ஜெயா ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கிருந்து உள்ளே வர இன்னொரு வண்டி. ரயிலில் பெரிய பெட்டிகளுக்கு இடம் கம்மி. நான்கு பேருக்கு நடுத்தர அளவில் இரண்டு பெட்டி போதும். மூன்றாவது பெட்டியை யார் தூக்குவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யவும்.

அப்பாவின் பாஸ்போர்ட்டில் 'இ.சி.ஆர்.' என்று இருந்தால்?

பட்டாசு வட்டாரத்தில் இது பலருக்கு வரக்கூடிய கேள்வி. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக 'குடிபெயர்வு அனுமதி தேவை' என்ற முத்திரை இருக்கும். இந்த முத்திரை உள்ளவர்கள் வேலைக்குப் போக அனுமதி வாங்க வேண்டிய 18 நாடுகளில் மலேசியாவும் ஒன்று. சுற்றுலாவுக்கு அந்த அனுமதி தேவையில்லை. ஆனால் திருச்சி இமிக்ரேஷனில் கேள்வி வரலாம். திரும்பும் டிக்கெட், ஹோட்டல் பதிவு, ஊர்வாரியான பயணத் திட்டம் மூன்றையும் பிரிண்ட் எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். மகன் போனில் இருக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. 50 வயது தாண்டியவர்கள், வருமான வரி கட்டுபவர்கள் இந்த முத்திரை இல்லாமலே பாஸ்போர்ட் பெறலாம். புதிதாக எடுப்பவர்கள் விண்ணப்பிக்கும்போதே இதைக் கவனிக்க வேண்டும்.

சுற்றுலா என்று கூட்டிப்போய் வேலையில் தள்ளும் மோசடிகள் நடப்பதால்தான் இந்தக் கெடுபிடி. 'விசா இல்லாமல் போய் அங்கே வேலை பார்த்துக்கலாம்' என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

விருதுநகர் மாவட்டத்துக்கு மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகம். 36 பக்க பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். தட்கல் என்றால் கூடுதலாக 2,000. நான்கு பேருக்கும் ஆதார், பள்ளிச் சான்றிதழ்களில் இனிஷியலும் எழுத்துக் கூட்டலும் ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். தாமதம் ஆவது பெரும்பாலும் இதில்தான். ஆடி முடிவதற்குள் விண்ணப்பித்துவிட்டால் பதற்றம் இல்லை. மலேசியா உள்ளே விட, பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும்.

போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். இது இலவசம். பணம் கேட்கிற தளம் வந்தால் அது மலேசிய அரசுடையது அல்ல.

பையில் மத்தாப்பு வேண்டாம்

மலேசியாவில் இருக்கும் சொந்தக்காரர் சிவகாசி வெடி கேட்பார். ஒரு சரம், ஒரு கம்பி மத்தாப்பு, ஒரு பொட்டு வெடி டப்பா கூடக் கூடாது. கைப்பையிலும் கூடாது, சரக்குப் பெட்டியிலும் கூடாது. தீப்பெட்டியும் லைட்டரும் அப்படியே. இது எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒன்று: விமான நிலையங்களில் சில பைகளை ஒரு சிறு துணியால் துடைத்து, வெடிமருந்துத் துகள் இருக்கிறதா என்று இயந்திரத்தில் பார்ப்பார்கள். வெடியுப்பு புழங்கும் இடத்துக்குத் தினமும் கொண்டுபோன பை, செருப்பு, பெல்ட் ஆகியவற்றைப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். தப்பு ஒன்றும் செய்யாமலே அரை மணி நேரம் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க நேரலாம். துவைத்த துணி, வேலைக்குப் போகாத பை. அது போதும்.

அச்சகக்காரர்களுக்கு எப்போது?

காலண்டர், டைரி வேலையில் இருப்பவர்களுக்கு இந்தத் தேதியெல்லாம் சரிப்படாது. ஆடிப்பெருக்குக்கு ஆல்பம் வெளியாவதில் தொடங்கி வருஷக் கடைசி வரை அவர்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. பொங்கலுக்குப் பிறகு, விருதுநகர் பராசக்தி மாரியம்மன் பங்குனிப் பொங்கலுக்கு முன்னால் உள்ள வாரங்கள் அவர்களுக்குத் தோது. மலேசியாவின் மேற்குக் கரையில் அப்போது மழையும் குறைவு. இரண்டு விஷயங்களை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். விசா சலுகை 2027-க்கும் நீட்டிக்கப்பட்டதா என்று உறுதி செய்த பிறகே டிக்கெட் போடவும். தைப்பூசத்தன்று பத்துமலையில் லட்சக்கணக்கில் கூட்டம் கூடும். திருவிழாவைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் கோலாலம்பூரில் ஒரு ராத்திரி கூட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.